கலவைப் பிடியும் மறந்த காரணங்களும்

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பழைய டக்கோட்டா விமானம் ஒன்று இங்கிலாந்திலிருந்து பறந்து வந்து நமது விமானப் படையிடம் சேர்ந்தது. பரசுராமா என்று அதற்குப் பெயர் சூட்டினர். 1947-இல் ஸ்ரீநகருக்கு முதன்முதலாகத் துருப்புகளை ஏற்றிச் சென்ற விமானங்களின் வகையைச் சேர்ந்தது அது. செய்தியைப் படித்தவர்கள் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். ஆயினும் ஒரு விவரம் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்விமானத்தைப் பழுது நீக்கிப் பறக்கச் செய்த வேலை முழுவதும் இங்கிலாந்தில் நடைபெற்றது. அதன் இறக்கைகளில் உள்ள எஞ்சின்கள் பிராட் அண்டு விட்னி நிறுவனத்தின் ட்வின் வாஸ்ப் வகையைச் சேர்ந்தவை: பதினான்கு சிலிண்டர்கள், 1,200 குதிரைச்சக்தி. இதே குடும்பத்து எஞ்சின்களைப் பிரித்து, கழுவி, அளந்து, மீண்டும் பூட்டி, சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்து அனுப்புவது ஒரு காலத்தில் பெங்களூரில் அன்றாட வேலையாக இருந்தது.

அந்தக் காலத்தைச் சற்றே நினைவு கூர்வோம். வால்சந்த் ஹீராசந்த் அவர்களின் முயற்சியாலும் மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவாலும் 1940 டிசம்பரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றியது. போர் நடந்த ஆண்டுகளில் அமெரிக்க விமானப் படையின் பெரிய பழுது பார்க்கும் நிலையமாக அது மாறியது. போர் முடிந்த பின் கான்பூரில் பயனற்றவை எனக் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர் குண்டு விமானங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டன. சிதைந்த நிலையிலிருந்த அவற்றைத் தற்காலிகமாகச் சரிசெய்து ஒவ்வொன்றாக ஓட்டிவந்தவர் தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. செப்பனிடப்பட்ட அந்த விமானங்களைக் கொண்டு 1948-இல் விமானப் படையின் 5-ஆம் பிரிவு அமைந்தது. இவ்வகை விமானங்கள் 1968 வரை நம் நாட்டில் பறந்தன. நன்கு எஞ்சிய பாகங்களும் முழுமையான வரைபடங்களும் கைக்கு எட்டிய இடத்தில் இருந்ததனால் நடந்த காரியமன்று இது. ஒரு பாகம் ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று கேட்டு அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

1951 ஆகஸ்டு 5-ஆம் நாள் டாக்டர் வி. எம். காட்கே வடிவமைத்த எச்.டி.2 பயிற்சி விமானம் பறந்தது. 1958-இல் புஷ்பக் வந்தது. அதே தொழிற்சாலை பி.இ.90எச் என்ற 90 குதிரைச்சக்தி பிஸ்டன் எஞ்சினையும் சொந்தமாக வடிவமைத்தது. அந்த எஞ்சின் பெரிய அளவில் உற்பத்திக்கு வரவில்லை. 1957-இலிருந்து தொழிற்சாலையின் கவனம் ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சினின் பக்கம் திரும்பியது. 1961-இல் மாருத் போர் விமானம் பறந்தது. இளம் பொறியாளர்கள் ஜெட்டை நாடிச் சென்றனர். நாட்டின் பாதுகாப்பு அதைக் கோரியது. ஆகவே அதனைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு தொழிலை விட்டு மற்றொரு தொழிலுக்குச் செல்பவர்கள் பழைய வீட்டைப் பூட்டும்போது சாவியை எங்கே வைத்தோம் என்று எழுதிவைக்க வேண்டாமா?

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சினை எப்படி ஓட்டுவது என்பது பற்றி விமானிகளும் பொறியாளர்களும் உலகெங்கும் முப்பது ஆண்டுகளாக வாதாடி வருகின்றனர். வாதத்தின் மையம் விமானி அறையில் உள்ள ஒரு பிடி. சிவப்புக் குமிழ் பொருத்திய அந்தப் பிடியை உள்ளே தள்ளினால் எஞ்சினுக்குச் செல்லும் கலவையில் பெட்ரோல் மிகும். வெளியே இழுத்தால் குறையும். முன்னதைச் செறிந்த கலவை என்றும் பின்னதை மெலிந்த கலவை என்றும் சொல்வோம்.

நம் ஊர்க் கொல்லன் இந்த விஷயத்தை எஞ்சின் தோன்றுவதற்கு முன்னரே அறிந்திருந்தான். துருத்தியை மெதுவாக ஊதினால் உலை புகைகிறது. அளவோடு ஊதினால் இரும்பு வெளுக்கிறது. அளவு மீறி ஊதினால் காற்றே சூட்டைக் கொண்டுபோய் விடுகிறது. எஞ்சினிலும் இதுவே. எடையில் ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிய ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். அந்த விகிதத்துக்கு மிக அருகில் வெளியேறும் வாயுவின் வெப்பநிலை உச்சத்தை அடைகிறது. பெட்ரோலைக் கூட்டினாலும் அந்த வெப்பநிலை இறங்கும், குறைத்தாலும் இறங்கும். மலையின் இரு சரிவுகளைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையில் ஒரு வளைகோடாக வரைந்து காட்டலாம்.

இங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. வாயுவின் வெப்பநிலை உச்சத்தை அடையும் இடமும் சிலிண்டரின் தலை மிகுந்த சூடடையும் இடமும் ஒன்றல்ல. சிலிண்டர் தலை மிகுந்த சூடடைவது செறிந்த சரிவில் சற்றே இறங்கிய இடத்தில், உச்சத்திலிருந்து ஏறக்குறைய 40, 50 பாரன்ஹீட் பாகை தள்ளி. கலவை அங்கே மிக விரைவாக எரிகிறது. பிஸ்டன் மேல் எல்லையை விட்டு அதிகம் இறங்குவதற்கு முன்பே அழுத்தம் உச்சமடைகிறது. மெலிந்த சரிவில் தீ மெதுவாகப் பரவுகிறது. அழுத்தம் தாமதமாக, தணிந்த அளவில் எழுகிறது. சிலிண்டர் குளிர்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் எத்தனையோ பயிற்சிக் கூடங்களில், "உச்சத்தைக் கண்டுபிடி, பின் ஐம்பது பாகை செறிவாக்கு, அதுவே எஞ்சினுக்குப் பத்திரம்" என்று கற்பித்து வந்தனர். மிதமான சக்தியில் இதனால் தீங்கில்லை. மிகுந்த சக்தியில் ஓடும் எஞ்சினுக்கோ, அந்த மாணவன் தேர்ந்தெடுத்தது மலையிலேயே மிகச் சூடான பாறையை!

மெலிந்த கலவையில் ஓட்டினால் வால்வு கருகும், பிஸ்டன் உருகும் என்ற அச்சம் எவ்வாறு பரவியது? பழைய பெரிய எஞ்சின்களை ஓட்டியவர்களிடம் அந்த அச்சம் இருந்ததில்லை. 1954 முதல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பயன்படுத்திய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வோர் எஞ்சினும் பதினெட்டுச் சிலிண்டர்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைச்சக்தியும் உடையது. விமானிகளுக்குப் பின்னால் விமானப் பொறியாளர் ஒருவர் தனி மேசையில் அமர்ந்து எஞ்சின்களை மட்டும் கவனித்து வந்தார். நீண்ட பயணத்தில் அவர் கலவையை மெலிவாக்கிக்கொண்டே போவார். சக்தியை அளக்கும் கருவியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்ததும் நிறுத்துவார். மெலிந்த சரிவில் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறோம் என்பதற்கு அதுவே அளவுகோல். கடல்களுக்கு மேல் இரவும் பகலும் அவ்வாறு பறந்தார்கள். எண்ணெய் மிச்சமாயிற்று, சிலிண்டரும் குளிர்ந்தது. 1944-இல் பசிபிக் போர்முனைக்குச் சென்ற சார்லஸ் லிண்ட்பர்க், சுழற்சியைக் குறைத்து, உள்ளிழுக்கும் அழுத்தத்தைக் கூட்டி, கலவையை மெலிவாக்கி ஓட்டும்படி அமெரிக்க விமானிகளுக்குக் கற்பித்தார். எஞ்சின்கள் கெட்டுவிடும் எனச் சிலர் அஞ்சினர். விமானங்கள் முன்னைவிட நெடுந்தூரம் சென்று திரும்பின.

ஜெட் வந்ததும் விமானப் பொறியாளருக்குக் கலவையை மெலிவாக்கும் வேலை போயிற்று. வேலையோடு அந்த அறிவும் போயிற்று. எஞ்சியது சிறு விமானம். அதில் பெட்ரோல் எல்லாச் சிலிண்டர்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒன்று உச்சத்தைத் தாண்டி மெலிந்திருக்கும்போது மற்றொன்று இன்னும் செறிந்த பக்கத்திலேயே இருக்கும். ஆறு சிலிண்டர்களும் ஆறு விதமான சக்தியைத் தரும்போது எஞ்சின் அதிர்கிறது. அதிர்ச்சியைக் கண்ட விமானி, "மெலிந்த கலவை எஞ்சினைக் கெடுக்கிறது" என்று முடிவு கட்டினான். அவன் கண்டது உண்மை; அதற்குக் கற்பித்த காரணம் பிழை. கெடுதி மெலிவில் இல்லை, பங்கீட்டில் இருந்தது. 1990களில் அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் ஜார்ஜ் பிராலி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொருத்தமாக அளந்து செய்த எரிபொருள் தூவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதிர்ச்சி அடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அன்றாடப் பழக்கமாக இருந்த ஒன்று, புதிய கண்டுபிடிப்பைப் போல வரவேற்கப்பட்டது; புதிய மதத்தைப் போல எதிர்க்கவும் பட்டது.

எதிர்த்தவர்கள் கூறியதையும் நேர்மையுடன் எடைபோட வேண்டும். எஞ்சின் செய்யும் நிறுவனங்களுள் ஒன்றான லைக்கமிங், மெலிந்த சரிவில் ஓட்டுவது இயலாததென்று சொல்லவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளவிகளும் கவனமுள்ள விமானியும் இல்லாவிடில் அதைப் பரிந்துரைக்க இயலாது என்கிறது. கான்டினென்டல் எஞ்சின் பொருத்திய சில விமானங்களின் கையேடுகளோ அவ்வாறே ஓட்டச் சொல்கின்றன. என் அபிப்பிராயத்தில் இரண்டும் முரண்பட்டவை அல்ல. கார்புரேட்டர் பொருத்திய, ஒரே ஒரு வெப்பமானி உள்ள பயிற்சி விமானத்தில் மாணவன் மெலிந்த சரிவைத் தேடிச் செல்லவேண்டிய அவசியம் இல்லை. அந்த விமானத்தின் கையேடு சொல்வதைக் கடைப்பிடிக்கட்டும். ஆனால் அது ஏன் அவ்வாறு சொல்கிறது என்பதை அவன் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். காரணம் தெரியாத விதி, சூழ்நிலை மாறியதும் தவறான விதியாகி விடுகிறது.

இதற்குப் பெங்களூரைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. ஜக்கூரில் 1948 முதல் அரசாங்க விமானப் பயிற்சிப் பள்ளி உள்ளது. அந்தத் திடல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. சித்திரை மாதத்துப் பிற்பகலில் 33 சென்டிகிரேட் பாகை வெப்பம் என்றால், அங்குள்ள காற்றின் அடர்த்தி கடற்கரையின் இயல்பான அடர்த்தியைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. தரையில் நிற்கும் விமானம் 5,500 அடிக்கும் மேலே இருப்பதாக நினைத்துக்கொள்கிறது எனலாம்! காற்றின் எடை குறைய, பழைய முறைக் கார்புரேட்டர் பெட்ரோலை அதே விகிதத்தில் குறைப்பதில்லை. ஆகவே கலவை தானாகவே செறிவடைகிறது. "புறப்படும்போது கலவைப் பிடி முழுவதும் உள்ளே" என்ற விதி சென்னையின் கடற்கரைக்குப் பொருந்தும். அதையே எண்ணிப் பாராமல் பெங்களூரின் வெயிலில் கடைப்பிடித்தால், சக்தி ஏற்கனவே குறைந்த எஞ்சினிலிருந்து மேலும் சிறிது சக்தியைக் கைப்பிடியால் பறிக்கிறோம். தரையில் நீண்ட நேரம் செறிந்த கலவையில் மெதுவாக ஓட்டினால், பெட்ரோலில் உள்ள ஈயம் தீப்பொறிச் செருகிகளில் படிந்து அடைக்கிறது. மெக்கானிக் செருகியை மாற்றுகிறார். அடுத்த வாரமும் மாற்றுகிறார். உயரமான திடல்களில் என்ன செய்யவேண்டும் என்பதும் கையேடுகளில் பெரும்பாலும் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. முதல் வரியை மனப்பாடம் செய்தவர்கள் அடுத்த பக்கத்தைத் திருப்புவதில்லை.

வட்டமாக அமைந்த எஞ்சினைப் பற்றிய ஒரு விதியையும் சொல்ல வேண்டும். டக்கோட்டாவைக் கிளப்புவதற்கு முன் அதன் சுழல்தகட்டைக் கையால் சில சுற்றுகள் சுற்ற வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து கீழ்ப்புறச் சிலிண்டர்களில் தேங்கும். எண்ணெயை நசுக்க முடியாது. எஞ்சினை அப்படியே கிளப்பினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும். ஆகவே கையால் சுற்றும்போது தகடு தடைபட்டு நின்றால், கீழ்ச் சிலிண்டரின் செருகியைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். காரணத்தை அறியாத இளைஞன் என்ன செய்வான்? "சில சுற்றுகள் சுற்ற வேண்டும்" என்ற விதியை நிறைவேற்ற இன்னும் இருவரைக் கூப்பிட்டு வலிந்து தள்ளுவான்; அல்லது எதிர்ப்பக்கமாகச் சுற்றி விடுவான். எதிர்ப்பக்கம் சுற்றினால் எண்ணெய் உள்ளிழுக்கும் குழாய்க்குள் ஒளிந்துகொண்டு, எஞ்சின் கிளம்பியதும் மீண்டும் சிலிண்டருக்குள் வரும். எண்ணெயைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்ட விதி, அவன் கையில் எஞ்சினை உடைக்கும் விதியாகிறது. விதி மறக்கவில்லை, சுவரில் எழுதியுங்கூட இருந்திருக்கலாம்.

பெயர்களிலிருந்தும் அறிவு கழன்று விழுவதுண்டு. முன்னாளில் விமான பெட்ரோலுக்கு 80/87, 91/96, 100/130, 115/145 என்று இரட்டை எண்கள் இருந்தன. முதல் எண் மெலிந்த கலவையில் அந்த எண்ணெய் தட்டலை எவ்வளவு தாங்கும் என்பதையும், இரண்டாவது எண் செறிந்த கலவையில் எவ்வளவு தாங்கும் என்பதையும் காட்டின. பீப்பாயின் மேல் எழுதிய எண்ணே ஒரு பாடமாக இருந்தது. இன்று வழங்கும் நீல நிற எண்ணெய்க்கு 100எல்.எல். என்று பெயர், இரண்டாவது எண் பெயரிலிருந்து போய்விட்டது. ஏன் இரண்டு எண்கள் இருந்தன என்று கேட்பாரும் குறைந்து விட்டனர்.

இவையெல்லாம் அருங்காட்சியகத்துக்குரிய பழங்கதைகள், நாம் விண்கலம் அனுப்பும் நாட்டினர் என்று சிலர் கூறக்கூடும். எச்.பி.டி.32 என்ற பயிற்சி விமானத்தை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். பெங்களூரில் உருவாகி 1977-இல் முதலில் பறந்த அந்த விமானத்தில் 260 குதிரைச்சக்தி லைக்கமிங் பிஸ்டன் எஞ்சின் இருந்தது. விமானப் படையின் இளைஞர்கள் பலர் தம் முதல் பாடத்தை அதில்தான் கற்றனர். வானிலேயே எஞ்சின் நின்று போகும் விபத்துகள் திரும்பத் திரும்ப நேர்ந்தன. மாணவர்களும் தேர்ந்த ஆசிரியர்களும் மாண்டனர். 2009-இல் அதன் பறப்பு நிறுத்தப்பட்டது. 2012-இல் சுவிட்சர்லாந்திலிருந்து 75 பிலாட்டஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. அவ்விபத்துகளின் பழியைக் கலவைப் பிடியின் மேலோ எவர் மேலோ சுமத்த நான் முற்படவில்லை. விபத்தை ஆராய்வது அதற்குரியவர்களின் வேலை. ஆனால் பிஸ்டன் எஞ்சின் என்பது எளிய, பழைய, எவரும் அறிந்த பொருள் என்ற எண்ணம் எவ்வளவு விலையுள்ளது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

பிஸ்டன் எஞ்சின் திரும்பியும் வந்துகொண்டிருக்கிறது. ஆளில்லா விமானங்களுள் பல அதன் வலிமையில்தான் பறக்கின்றன. நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்துக்காக 55 குதிரைச்சக்தி வாங்கல் எஞ்சினைச் செய்ய நமது ஆய்வுக்கூடங்கள் பெரிதும் பாடுபட்டன. பிஸ்டனுக்குப் பதில் சுழலும் உறுப்பு உடையதாயினும், கலவையும் குளிர்ச்சியும் பற்றிய கேள்விகள் அதற்கும் அவையே. முழுவதும் இறக்குமதியாகி வந்த விமான பெட்ரோலை 2022-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதராவில் தயாரித்து வழங்கத் தொடங்கியது. 2021 செப்டம்பரில் பெங்களூரில் பறந்த தேசிய விண்வெளி ஆய்வகத்தின் புதிய ஹன்சா விமானத்தில் உள்ள ரோட்டாக்ஸ் எஞ்சினுக்குக் கலவைப் பிடியே இல்லை. மின்னணுக் கருவி கலவையைத் தானே அளந்து, சிக்கனமாக ஓட்டவேண்டிய நேரத்தில் தானே மெலிவாக்குகிறது. பழைய விமானப் பொறியாளர் ஒரு சிறு பெட்டிக்குள் அமர்ந்து விட்டார்! நல்லதே. எனினும் அந்தப் பெட்டிக்குள் எழுதப்பட்ட கணக்கு நம்முடையதன்று. நாளை நாமே ஓர் எஞ்சினைச் செய்து அதற்குரிய கணக்கை எழுத வேண்டுமானால், வளைகோட்டின் எந்த இடம் குளிர்ச்சி, எந்த இடம் ஆபத்து என்று சோதனை மேடையில் அளந்து அறிந்தவர்கள் தேவை.

ஆகவே பணிமனைகளிலும் களத்திலும் உள்ள ஊழியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பராமரிப்புக் குறிப்பேட்டில் "செருகி மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தச் சிலிண்டர், என்ன நிறம், அன்று என்ன வெப்பம், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் டீசல் எஞ்சினைப் பார்ப்பவருக்கும் இது பொருந்தும். பழைய சோதனை மேடைப் பதிவுகளை இடத்தை அடைக்கும் குப்பை எனத் தள்ளும் நாள் வரும்போது, யாரேனும் ஒருவர் குறுக்கே நிற்கட்டும். ஆசிரியர்கள் மாணவர்களைப் பெங்களூரில் உள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றால், விமானங்களின் முன் நின்று படம் எடுப்பதோடு திரும்பாமல் எஞ்சின்களின் அருகில் கால் மணி நேரம் நிறுத்துங்கள்.

1950களில் இருபது வயதில் சிலிண்டரைக் கையில் தூக்கியவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயது ஆகிறது. பெங்களூரின் பழைய குடியிருப்புகளிலும், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களிலும் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களைத் தேடிச் செல்பவர்கள் கேள்விப் பட்டியலோடு மட்டும் செல்ல வேண்டாம். முடிந்தால் ஒரு பழைய செருகியையோ, தேய்ந்த பிஸ்டன் வளையத்தையோ எடுத்துச் சென்று அவர்கள் கையில் கொடுங்கள். பொருள் கைக்கு வந்ததும் அவர்கள் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள். அதன் பிறகு நீங்கள் கேட்க வேண்டியதில்லை, எழுதிக்கொண்டால் போதும்.